புலிக்குளம் மாட்டுக்கிடை: வயலுக்கு எடுக்கலாமா?

பெரியாறு பாசனத்தில் பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் நடுவே இருபோக வயல் வைத்திருப்பவர்கள் கிடை போட (எருவுக்காக மந்தையை ராத்திரி வயலில் அடைக்க) முடிவது, அறுவடை முடிந்து ஜூனில் தண்ணீர் திறக்கும் வரைதான். ஆட்டுக்கிடையும் வரும், மாட்டுக்கிடையும் வரும். எங்கள் ஓட்டு புலிக்குளம் என்ற நாட்டு மாட்டினத்தின் கிடைக்கே.

கணக்கு இதுதான். மாட்டுக்கு 40 சதுர அடி வைத்தால் 200 உருப்படி ஒரு ராத்திரியில் 18 சென்ட் அடையும். ஏக்கர் முடிய ஐந்தாறு ராத்திரி. ஒரு மாடு ராத்திரிக்கு 3, 4 கிலோ சாணி போட்டாலே ஏக்கருக்கு ஏறக்குறைய 4 டன். ஏற்றுகூலி, இறைக்கும் கூலி கிடையாது. மூத்திரம் நேராக மண்ணில் இறங்குவதுதான் பெரிய லாபம். ஆனால் கிடை பெயர்ந்த மறுநாளே மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தொல்லையும் உண்டு. சீமைக்கருவேலங்காய் தின்ற மாட்டின் சாணியில் விதை சாகாமல் வந்து முதல் மழைக்கே முளைக்கும்; விரல் நீளத்திலேயே பிடுங்குங்கள். ஈரக் களிமண்ணில் கிடை போட்டால் மண் இறுகும். சொட்டுநீர்க் குழாயை முன்னதாகச் சுருட்டிவிடுங்கள். அறுத்த சோளத்தாளில் துளிர் விட்டிருந்தால் மாட்டுக்கு நஞ்சு. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்குள் போட்டதா என்று மந்தைக்காரரான கீதாரியிடம் கேளுங்கள்.

கூலியில் ரொம்ப இழுக்காதீர்கள். இந்தப் பசுக்களைப் பாலுக்காக யாரும் வைத்திருப்பதில்லை. கிடைக்கூலியும் ஜல்லிக்கட்டுக்கு விற்கும் காளைக்கன்றும்தான் வருமானம். 2022-இல் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு மேய்ச்சல் இடமும் சுருங்கிவிட்டது.

எந்த மந்தை சுத்தமான இனம் என்பதை நிறத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. பசு சாம்பல், காளை கருஞ்சாம்பல் என்பது முதல் பார்வைக்குச் சரி, அவ்வளவே. தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்கப் பைசன் என்ற காட்டு மாட்டினம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சில நூறாகக் குறைந்தபோது, பண்ணைக்காரர்கள் அதை வீட்டு மாட்டோடு கலந்தார்கள். இன்றும் பெரும்பாலான மந்தைகளில், தோற்றம் பைசனாகவே இருக்க, அந்த மாட்டு மரபணு ஓடுகிறது. அதனால் பொலிகாளையை (மந்தையில் சினைப்படுத்தும் காளையை)ப் பற்றிக் கேளுங்கள்: எந்த மந்தையிலிருந்து வந்தது, எத்தனை வருஷமாக நிற்கிறது? மூன்று வருஷம் தாண்டினால் அது தன் மகள்களையே சேரத் தொடங்கும். தேறிய கன்றெல்லாம் வாடிவாசலுக்கு விலைபோக, மிஞ்சியதே பொலிகாளையாகிவிடும் மந்தைகளும் உண்டு; இனம் கெடுவது பாதி இப்படித்தான். வேறு புலிக்குளம் மந்தையோடு காளை மாற்றிக்கொள்ளும் கீதாரி கிடைத்தால், கூலி கொஞ்சம் கூடினாலும் அவரையே அமர்த்துங்கள். மாசியிலேயே சொல்லிவைத்தால்தான் பங்குனியில் மாடு வரும்.