வெயிலா, வெந்நீரா, உறையா: தூசிப்பூச்சிக்கு எது சரி?

தருமபுரி வெயிலுக்கு எந்தப் பூச்சி தாங்கும் என்றுதான் எங்கள் வீட்டிலும் நினைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை எல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விடும். ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு மகள் எழுந்து உட்கார்ந்து மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருந்தாள், மார்கழிப் பனியில் இன்னும் அதிகமாக.

தூசிப்பூச்சி கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தைக்குள்ளேயே வாழும். ஒவ்வாமையையும் இழுப்பையும் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சம், வெயில் தோற்பதும் அங்கேதான். நன்றாகக் காய்ந்தால் பூச்சி சாகும், ஆனால் எச்சம் மெத்தையிலேயே கிடக்கும். அதிலும் பஞ்சு மெத்தை தடிமனாக இருந்தால் மேலே கை வைக்க முடியாமல் சுடும், நடுப்பஞ்சுக்குச் சூடு இறங்கியே இருக்காது.

வெந்நீர் இரண்டையும் தீர்க்கிறது. போர்வை, விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் பூச்சி செத்து எச்சமும் தண்ணீரோடு போய்விடும். மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால் அண்டாவில் காய்ச்சி ஊற்றி ஊறவைக்கலாம், பிள்ளைகளை மட்டும் கிட்டே விடாதீர்கள். சரி, மெத்தையை எப்படித் துவைப்பது?

அதற்குத்தான் பூச்சியும் எச்சமும் வெளியே வராதபடி நெருக்கமான நெசவில் ஜிப் வைத்த உறை. சாதாரணக் காட்டன் உறை இதற்கு உதவாது. ஆனால் இதை மாட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் 2020 ஆஸ்துமா வழிகாட்டுதலே உறையைத் தனியாக அல்ல, மற்ற வேலைகளோடு சேர்த்துத்தான் பரிந்துரைக்கிறது. டாக்டர் எழுதிய இன்ஹேலரையும் இதை நம்பி நிறுத்தக் கூடாது.

ஏர் பியூரிஃபயருக்கு என் ஓட்டு இல்லை. பூச்சியின் எச்சம் கனமான துகள், காற்றில் நெடுநேரம் நிற்காமல் படிந்துவிடும். குழந்தை முகம் புதைத்துப் படுப்பது தலையணையில், மெஷின் இருப்பதோ அறை மூலையில். அந்தப் பணத்தில் உறையும் கொசுவலையும் வாங்குங்கள், கொசுவர்த்திச் சுருளை நிறுத்த முடியும், அந்தப் புகையே இழுப்பைத் தூண்டும்.

கையில் காசு குறைவு என்றால் மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலில் கோரைப்பாய் விரிக்கலாம், ஈரத்துணியால் துடைத்து அன்றே காயவைத்துவிடலாம். உறையில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் தலையணைக்கு வாங்குங்கள், இரவு முழுக்க மூக்கு அதில்தானே இருக்கிறது.