கைக்குழந்தை வலிப்பு: ஊசியா, ஸ்டீராய்டு மாத்திரையா, விகாபாட்ரினா?

தூங்கி எழுந்ததும் குழந்தை தலையைக் குனிந்து, கைகளை விரித்து ஒரு வெட்டு வெட்டும். சில வினாடிகளில் மறுபடியும் அதே வெட்டு. இப்படி வரிசையாக வந்து கடைசியில் அழும். 'உரம் விழுந்திருக்கு' என்று வீட்டில் சொல்வார்கள். இது இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தொடங்கும். தூக்கத்தில் இ.இ.ஜி. எடுத்தால் பல குழந்தைகளுக்கு மூளை அலைகள் உயரமாக, தாறுமாறாக ஓடும், அதுதான் ஹிப்சாரித்மியா. வெட்டும் நின்று, அந்த அலையும் அடங்கினால்தான் மருந்து பலித்ததாகக் கணக்கு.

ஏ.சி.டி.எச். ஊசி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஸ்டீராய்டைச் சுரக்க வைக்கிறது. பிரெட்னிசோலோன் அந்த வகை ஸ்டீராய்டையே வாய்வழியாகத் தருகிறது. 2004இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 107 குழந்தைகள். இரண்டு வாரத்தில் வெட்டு நின்றது செயற்கை ஏ.சி.டி.எச்.சில் 76%, பிரெட்னிசோலோனில் 70%, வலிப்பு மருந்தான விகாபாட்ரினில் 54%. ஊசி போட்டுக்கொண்டவர்கள் 25 பேர்தான். அதனால் முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள 6 புள்ளியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஊசி விலை அதிகம், போடவும் ஆள் வேண்டும். மாத்திரையை வீட்டிலேயே கரைத்துக் கொடுக்கலாம். முகம் உப்புவது, எரிச்சல், ரத்த அழுத்தம், தொற்று ஆகிய தொல்லைகள் இரண்டிலும் உண்டு. இரண்டையும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். என் ஓட்டு மாத்திரைக்கு.

சரி, விகாபாட்ரின்? அதே குழந்தைகளை ஒரு வயதைத் தாண்டியபின் பார்த்தபோது, வெட்டு நின்றவர்களின் விகிதம் ஊசி-மாத்திரை தரப்பிலும் விகாபாட்ரின் தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் காரணம் கண்டறியப்படாத குழந்தைகளில், ஸ்டீராய்டு அல்லது ஊசி பெற்றவர்களின் வளர்ச்சி மேலாக இருந்தது. போதாக்குறைக்கு, இந்த மருந்தால் பக்கவாட்டுப் பார்வை நிரந்தரமாகச் சுருங்கலாம். கைக்குழந்தையிடம் அதைச் சோதிப்பதும் கஷ்டம்.

டியூபரஸ் ஸ்க்லரோசிஸ் (மூளை, தோல் போன்ற இடங்களில் கட்டிகள் வரும் மரபணு நோய்) இருந்தால் கதையே வேறு. அங்கே முதல் மருந்து விகாபாட்ரின்தான். அந்தக் குழந்தைகளைப் பிரிட்டன் ஆய்வில் சேர்க்கவே இல்லை, ஆகவே அந்த 54% அவர்களுக்குப் பொருந்தாது. தோலில் வெளிறிய திட்டுகள் அந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம்; தெரிந்தால் முதல் நாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஹார்மோன் சிகிச்சையையும் (ஊசி அல்லது ஸ்டீராய்டு மாத்திரை) விகாபாட்ரினையும் சேர்த்தே கொடுத்தால் என்ன என்று 377 குழந்தைகளிடம் பார்த்தார்கள்; முடிவு 2017இல் வந்தது. ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 57%, சேர்த்துப் பெற்றவர்களில் 72% பேருக்கு வெட்டு நின்றது. ஆனால் 18 மாத வயதில் வளர்ச்சியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.