செயின்ட் ஆண்ட்ரூஸா, எடின்பரோவா?

ஸ்காட்லாந்தில் பட்டம் படிக்க நினைக்கும் அமெரிக்க மாணவர்கள் பலர் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில்தான் திண்டாடுகிறார்கள். இரண்டிலும் நான்காண்டு ஹானர்ஸ் படிப்புதான். கலைப்பாடம் முடித்தால் நேரே எம்.ஏ. பட்டம், அது முதுநிலைப் பட்டம் அல்ல என்று ஊர் திரும்பியதும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்க அரசின் கல்விக் கடன் இரண்டுக்கும் செல்லும், பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அந்த அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) செல்லாது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் 1413இல் முறைப்படி அமைந்த பல்கலைக்கழகம். ஊர் சின்னது, கடலோரம், ரயில் நிலையம்கூட இல்லை. பக்கத்து ஊரான லூக்கர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். தெருவெங்கும் அமெரிக்க உச்சரிப்பு. வீட்டு ஏக்கத்துக்கு நல்லது. ஆனால் இதற்கா கடல் தாண்டினோம் என்றும் தோன்றலாம். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு, இங்கே இரண்டாண்டு என்று படிக்கும் கூட்டுப் பட்டமும் உண்டு.

எடின்பரோ தலைநகரம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெஞ்சமின் ரஷ் 1768இல் மருத்துவப் பட்டம் வாங்கியது இங்கேதான். இடம் தருவதில் ஏ.பி. (அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரப் பாடத் தேர்வு) போன்ற தேர்வு மதிப்பெண்களே பேசும். விளையாட்டு, சமூகத் தொண்டெல்லாம் அவ்வளவாக எடுபடாது. பெரிய பல்கலைக்கழகம், கூட்டத்தில் கரைந்துபோகலாம். கூச்சமில்லாத பிள்ளை என்றால் நான் எடின்பரோவையே சொல்வேன். பகுதிநேர வேலைக்கும் அங்கேதான் வழி அதிகம்.