‘தெரியுதா, தெரியுதா?’ என்று கேட்டுச் செய்த நரம்புச் சோதனை

முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் ஒரு மருத்துவமனை, சர்க்கரை நோயாளியான என் அப்பாவுக்குக் கொடுத்த கோப்பில், வழவழப்பான தாளில் இரண்டு பாதங்களின் வண்ணப்படம் இருக்கிறது. ஒவ்வொரு பாதத்திலும் சில புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண், எல்லாமே பச்சை நிறத்தில். அடியில் ‘நரம்பு உணர்வு இயல்பு’ என்று ஒரு வரி. அந்தச் சோதனை நடந்தபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்ததால், அந்தப் பச்சை நிறத்தின் மதிப்பு என்ன என்பது எனக்குத் தெரியும். இம்முறை ஊருக்குப் போயிருந்தபோது டோக்கன், வரிசை, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் வழக்கம்போலவே நடந்தன. அவற்றைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

அதிர்வு உணர்வை அளக்கும் பயோதீசியோமீட்டர் நல்ல கருவிதான். அதிரும் முனையைப் பாதத்தில் வைத்து, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள்; எந்த வோல்ட்டில் நோயாளி அதிர்வை முதலில் உணர்கிறாரோ அதுவே அவருடைய அளவு. அது 25 வோல்ட்டைத் தாண்டியவர்களுக்குப் பாதப்புண் வரும் ஆபத்து பல மடங்கு கூடுதல் என்பதை 1990களின் ஆய்வுகளே காட்டிவிட்டன. ஆனால் எவ்வளவு நுட்பமான கருவியாக இருந்தாலும் விடை வருவது நோயாளியின் வாயிலிருந்துதான். சோதனை செய்த இளைஞரோ, குமிழைத் திருகியபடியே ‘தெரியுதா ஐயா, தெரியுதா?’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் கண்கள் திறந்தே இருந்தன; எண் ஏறுவதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் அத்தனை முறை கேட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர் ‘தெரியுது தம்பி’ என்று சொல்லிவிடுவார். அது மரியாதை, உணர்வு அல்ல. இப்படி அப்பாவின் மரியாதையை இடம் இடமாக அளந்து, வோல்ட் கணக்கில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குச் சந்தேகம் எழக் காரணம், நடக்கும்போது செருப்பு காலைவிட்டு நழுவிப்போவதே அப்பாவுக்குத் தெரிவதில்லை என்று அம்மா போகிறபோக்கில் சொன்னதுதான். எரிச்சலோ குத்தலோ இருக்கிறதா என்று கேட்டால் அப்பா எதுவுமில்லை என்பார். சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு, உடலின் மிக நீண்ட நரம்புகளின் நுனியில், அதாவது கால் விரல்களில், முதலில் தொடங்குகிறது. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேர் வரைக்கும் எந்தத் தொந்தரவையும் உணர்வதில்லை. வலிக்கவில்லை என்பது இந்த நோயில் நல்ல செய்தி அல்ல என்பதைப் பரிசோதனை மையங்களே மறந்தால் என்ன செய்வது?

அடுத்து நாங்கள் போனது ஒரு சிறிய மருத்துவரகம். அங்கே மருத்துவரைப் பார்க்கும் முன்பாகவே ஒரு செவிலியர் அப்பாவைக் கட்டிலில் கால் நீட்டிப் படுக்கச் சொன்னார். ‘ஐயா, கண்ண மூடிக்கோங்க. நான் தொடுறப்ப வலதா இடதான்னு மட்டும் சொல்லுங்க’ என்றார். பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் என இரண்டு பாதங்களிலும் ஆறு விரல் நுனிகளைத் தன் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட்டார். தட்டவில்லை, அழுத்தவில்லை, பதில் வராத விரலை மறுபடி தொட்டுப் பார்க்கவும் இல்லை. அப்பா இரண்டு முறைதான் வாய் திறந்தார். மற்ற நான்கு விரல்கள் தொடப்பட்டபோது, இன்னும் சோதனை ஆரம்பிக்கவில்லை என்ற முகத்தோடு கண்மூடிக் காத்திருந்தார். கருவி இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இது கைவைத்தியமன்று. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான இந்தத் தொடுசோதனையைப் பற்றிய ஆய்வு 2011இல் ‘டயாபடிஸ் கேர்’ இதழில் வெளிவந்தது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தொடுகை தெரியாவிட்டால் பாதம் ஆபத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைக் கொண்டு செய்யும் மோனோஃபிலமென்ட் சோதனையின் முடிவுகளோடு இதன் முடிவுகள் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. அந்தச் சிறிய மருத்துவரகத்தின் மருத்துவர் அந்த இழையாலும், தட்டினால் அதிரும் உலோகக் கவையான 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் மறுபடி பார்த்து, செவிலியர் சொன்னதையே உறுதிசெய்தார். இழையை முதலில் அப்பாவின் கையில் வைத்து உணர்வு எப்படி இருக்கும் என்று காட்டினார். நடுவே தொடாமலே ‘இப்போது?’ என்று கேட்டும் சோதித்தார். சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் வழிகாட்டுதலும் இத்தகைய போலித் தொடுகையைச் சேர்க்கச் சொல்கிறது. ‘தெரியுது தம்பி’களைப் பிடிக்க வேறு வழியில்லை.

எனக்கும் சர்க்கரை உண்டு. நான் வசிக்கும் இங்கிலாந்தில் ஆண்டுக்கொருமுறை காலுறையைக் கழற்றச் சொல்லி இதையெல்லாம் செய்துவிடுகிறார்கள். அது ஒரு சேவை என்றே இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அங்கே மருத்துவரைப் பார்க்கக் காத்துக் கிடப்பதை நொந்துகொள்ளும் நான், ஊரில் அன்றைக்கே எல்லாம் முடிவதைக் கண்டு ஒவ்வொரு முறையும் மகிழ்வேன். ஆனால் வேகமாகக் கிடைக்கும் தவறான விடையைவிட, தாமதமாகக் கிடைக்கும் சரியான விடையே மேல். சிறு வயதில் எங்களைப் பார்த்த குடும்ப மருத்துவர் மேசை இழுப்பறையில் ஓர் இசைக்கவை கிடக்கும். அதை முழங்கையில் தட்டி, கணுக்காலில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லும்படி கேட்பார். அந்த எளிய முறை எப்போது காலாவதியானது, யார் அதை வண்ணப்படமாக மாற்றினார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

கடைசியில் அந்தச் சிறிய மருத்துவரகத்து மருத்துவர் இன்னொன்றையும் கேட்டார்: இவ்வளவு காலமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாரே, பி12 பார்த்தீர்களா? அந்த மாத்திரை நெடுங்காலத்தில் உடலின் வைட்டமின் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அந்தக் குறைபாடும் இதே மாதிரி நரம்புகளைக் கெடுக்கும். சர்க்கரையால் கெட்ட நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றைக்கு இல்லை. பி12 குறைவை ஊசி போட்டுச் சரிசெய்யலாம். ‘முழு’ உடல் பரிசோதனையின் நீண்ட பட்டியலில் அது இல்லவே இல்லை. தனியாக எடுத்துப் பார்த்தபோது அளவு குறைவாகத்தான் இருந்தது. இப்போது ஊசி போட்டு வருகிறார்கள். அப்பாவின் விரல்கள் மரத்துப்போனதில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, பி12இன் பங்கு எவ்வளவு என்பது சில மாதங்கள் கழித்து அதே ஆறு விரல்களை மறுபடி தொட்டுப் பார்க்கும்போதுதான் ஓரளவாவது தெரியவரும்.