வெண்ணாற்றில் தூண்டில்: பத்து வருஷத்து இரைக் கணக்கு

2015இல் ஆரம்பித்த பழக்கம். சின்ன வயதில் வயல் வாய்க்காலில் குரவை பிடித்ததையெல்லாம் இதில் சேர்க்கவில்லை. நீடாமங்கலத்தைச் சுற்றி வெண்ணாறு, கோரையாறு, பக்கத்து ஊர்க் குளங்கள், வடிகால்கள், இவ்வளவுதான் என் எல்லை. கழி மூங்கில். நடுவில் ஆசைப்பட்டு வாங்கிய ஃபைபர் ராடு இப்போது வீட்டில் ஒட்டடைக் கம்பாக இருக்கிறது. தூண்டில் முள்ளையும் நரம்பையும் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் இரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காசும் மானமும் அதில்தான் அதிகம் போயிருக்கிறது.

மண்புழுவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கெளுத்தி, குரவை, ஆரல், பனையேறி, விலாங்கு என்று எது கிடக்கிறதோ அது வரும். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து செம்மண் நிறத்தில் ஓடும் முதல் பத்துப் பதினைந்து நாளுக்கு வேறு இரையை யோசிக்கவே வேண்டாம். அந்தக் கலங்கலில் மீன் கண்ணை நம்புவதில்லை, வாசனையையும் மீசையையும்தான் நம்பும். சிக்கல் என்னவென்றால், மீன் புழு தேடும் அந்த நாளில்தான் நமக்குப் புழு கிடைக்காது. மேட்டூர் அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்தபோது என் கையில் ஒரு புழு இல்லை. காய்ந்த கொல்லையை முழ ஆழத்துக்கு வெட்டியும் கிடைக்கவில்லை. 2024இல் நேர்மாறு. சித்திரையிலேயே சேர்த்து வைத்துவிட்டேன், திறந்ததோ ஜூலை 28. அதற்குள் வாளியில் பாதி செத்திருந்தது.

வாளி என்றால் பழைய பெயிண்ட் வாளி. அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை, வாழையடி மண் முக்கால் வாளி, மேலே நனைத்த வாழைச்சருகு. வாரத்துக்கு ஒரு தடவை டீத்தூள் சக்கை. சர்க்கரை போட்ட சக்கையைக் கொட்டினால் எறும்பு வந்து ஒரே இரவில் கதையை முடித்துவிடும், எனக்கு முடித்தது. தண்ணீர் கூடிப்போனால் புழுவெல்லாம் மேலே ஏறி விளிம்பில் தொங்கும்.

மண்புழு உரம் தயாரிக்கும் இடங்களில் கேட்டால் புழு தருவார்கள். வசதிதான், ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. சிவப்பாகத் துள்ளும் சின்ன வகையை முள்ளில் குத்தியதும் மஞ்சளாக ஒரு நீர் கசியும், நாற்றம் விரலைவிட்டு மத்தியானம் வரை போகாது. கெளுத்தி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஜிலேபி (திலாப்பியா மீன்) பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. பெரிய வகை, ஆப்பிரிக்கப் புழு என்பார்களே, அது பார்க்கத் திடமாக இருந்தாலும் கோக்கும்போதே அறுந்துபோகும். வாழையடியில் கிடைக்கும் நம் புழு தோல் கெட்டி. தலைப்பக்கமிருந்து முள்ளில் உறைபோல ஏற்றி, வாலை ஒரு விரற்கடை தொங்கவிட வேண்டும். ஜிலேபிக்கு மட்டும் வால் விடாதீர்கள், அதை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும்.

என் தக்கை நெட்டியில், அதாவது நீரில் வளரும் ஒரு செடியின் லேசான தண்டில், நானே செதுக்கியது. தஞ்சாவூரில் கோயில் கோபுரம் செய்கிறார்களே, அதே நெட்டி. ஜிலேபி கொத்தினால் தக்கை தந்தியடிக்கிற மாதிரி துடிக்கும். கெளுத்தி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே நடக்கும். குரவைக்கு ஒரே முழுக்கு. ஒரு தடவை முழுக்கைப் பார்த்துக் குரவை என்று நினைத்து, இருட்டில் கையைக் கொடுத்தேன். தேளி, விஷமுள் உள்ள மீன். அதன் முள் ஏறியதும் தோள்பட்டை வரை கடுத்தது. வீட்டில் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து அதில் கையை ஊறவிட்ட பிறகுதான் உயிர் வந்தது. இப்போது டார்ச் இல்லாமல் முள்ளைக் கழற்றுவதில்லை.

புழு விஷயத்தில் நான் வாங்கிய பெரிய திட்டு, வெண்ணாற்றுக் கரையில் மண்வெட்டி போட்டதற்கு. அந்தப் பக்கம் மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “கரைய வெட்டி மீன் புடிக்கிறியா தம்பி? ஐப்பசியில தண்ணி உன் வீட்டுக்குத்தான் முதல்ல வரும்.” அடை மழையில் கரை எந்த இடத்தில் வாய் திறக்கும் என்று மணல் மூட்டையோடு காத்துக்கிடந்த ஊர்க்காரர் சொல்லும்போது பதில் பேச முடியாது. அதிலிருந்து என் கொல்லை வாழையடி மட்டும்தான். மருந்து அடித்த வயலிலும் எடுப்பதில்லை. அங்கே எடுத்தவை வாளியில் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அடுத்தது பிள்ளைப்பூச்சி. விரால் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இதை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். ஈர வரப்பில் மண் மேடாக விரல்தடிப்புக்குக் கோடு ஓடியிருக்கும், அது முடியும் இடத்தில் தண்ணீர் ஊற்றினால் வெளியே வரும். மழைக்கு முந்தைய இரவில் டியூப்லைட்டுக்கும் தானாக வந்து விழும். இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள், அந்த முன்காலால் விரல்களை விரித்துத் தள்ளுகிற பலம் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாதது. பிள்ளைப்பூச்சியை மடியில் கட்டிக்கொண்ட கதை என்று சும்மா சொல்லவில்லை. நான் நிஜமாகவே கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டேன். பேருந்தில் நீடாமங்கலம் வருவதற்குள் துணியில் ஓட்டை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். தகர டப்பாதான் சரி. கழுத்து ஓட்டுக்கு அடியில் முள்ளை நுழைத்தால் ரொம்ப நேரம் உயிரோடு நீந்தும். தண்ணீர் தெளிந்த மார்கழி, தை மாதங்களில், வெங்காயத்தாமரை ஓரமாக விட்டால் விரால் அடிக்கும் சத்தம் அக்கரைக்குக் கேட்கும். குறை ஒன்றுதான்: நினைத்த நாளில் கிடைக்காது. மூன்று மணி நேரம் தேடி நாலு பூச்சி எடுத்த நாளெல்லாம் உண்டு.

எங்கள் அப்பா காலத்தில் விராலுக்குத் தவளைக்குட்டிதான். தொடையில் முள்ளைக் கோத்து விடுவார்கள். நானும் முதல் இரண்டு வருஷம் அதைச் செய்தேன், மறைக்கவில்லை. தவளை 1972ஆம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் வந்த உயிரினம் என்பதும், தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் நிறுத்தினார்கள் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். ஒரு காலத்தில் லாரி லாரியாகப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். வயல் பூச்சியைத் தின்கிற தவளையை முள்ளில் குத்திவிட்டு, பூச்சிமருந்துச் செலவு கூடிப்போச்சு என்று நாமே புலம்புகிறோம். விட்டுவிட்டேன். பதிலுக்கு ரப்பர் தவளை. 180 ரூபாய்க்கு வாங்கியது நாலு வருஷமாக ஓடுகிறது, கால் ரப்பர் மட்டும் இரண்டு தடவை மாற்றினேன். விரால் பத்துத் தடவை அடித்தால் நாலுதான் மாட்டும். அடித்த உடனே இழுக்காமல், மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு இழுத்தால் ஐந்து. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மழைக்காலத்தில் சிவப்பாகப் பந்துபோல் விரால் குஞ்சுக்கூட்டம் மேலே வந்து கொப்பளிக்கும், அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அங்கே செருப்பைப் போட்டால்கூட அடிக்கும். அந்த ஜோடியைத் தூக்கிவிட்டால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை.

உயிர்மீனை இரையாக விடுவதில் எனக்கு நல்ல அனுபவமே இல்லை. குத்தகைக் குளம் ஒன்றில் காவல்காரர் என் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, “புழுவோ மாவோ போட்டுக்குங்க தம்பி. குஞ்சு மீனு மட்டும் இந்தக் கொளத்துக்குள்ள வரக்கூடாது” என்றார். அவர் முதலாளி கட்லாக் குஞ்சு வாங்கி விட்டிருந்தார். என் வாளியில் கிடந்தது இன்னதென்று எனக்கே தெரியாது, வேறு குட்டையில் வலை போட்டு அள்ளியது. அதில் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு ஒன்று இருந்திருந்தால்? வளர்க்கவே நாட்டில் தடை செய்யப்பட்ட மீன் அது. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த ஜிலேபி இன்று இல்லாத குளத்தை எங்கள் பக்கம் காட்டுங்கள் பார்ப்போம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரு ஏரியின் இரைமீனை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகவே கட்டுப்பாடு உண்டு. ஜெர்மனியில் உயிருள்ள மீனை முள்ளில் கோப்பதே பொதுவாகத் தடை. நம் 1897 மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் பிடிக்கிறது. இரை என்று வந்தால் குத்தகைதாரர் வாய்ச்சொல்தான் நடைமுறை. கேட்டுவிட்டு உட்காருங்கள். வடுவூர் ஏரி மாதிரி பறவைகள் சரணாலயம் என்றால் கேட்கவும் வேண்டாம், கழியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோதுமை மாவு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, பிசையும்போது ஒரு துண்டு பஞ்சு சேர்த்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. குளத்து ரோகுவுக்குப் போதும், ஓடும் ஆற்றில் வீண். ஆன்லைனில் 350 ரூபாய் கொடுத்து ஏலக்காய் வாசனை மாவு ஒன்று வாங்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போட்டேன், ஒரு கெண்டைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பையன் அதை முகர்ந்துவிட்டு பிஸ்கெட் என்று தின்னப் பார்த்தான். கோழிக்குடல் கெளுத்திக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் பையில் ஒழுகினால் அந்தப் பையை மறந்துவிட வேண்டியதுதான்.

இப்போது புழுவும் ரப்பர் தவளையும் மட்டும்தான் எடுத்துப்போகிறேன், கிடைத்தால் பிள்ளைப்பூச்சி. மிச்சப் புழுவை ஆற்றில் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து எடுத்த வாழையடியிலேயே விட்டுவிடுகிறேன். அந்தப் பூவன் வாழை இந்த ஆவணியில் நல்ல பெரிய குலை தள்ளியது. பத்து வருஷமாக நான் கொண்டுவந்த மீனுக்குக் கிடைக்காத பாராட்டு வீட்டில் அதற்குக் கிடைத்தது.