பிறவி இதயக் கோளாறும் கேத்தடர் சிகிச்சையும்: கதிர்வீச்சைக் குறைக்க எந்த வழி எங்கே பொருந்தும்?

பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளில் பலருக்கு, கேத்தடர் எனும் மெல்லிய குழாயை இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்தி, பெரும்பாலும் எக்ஸ்ரே பார்த்துச் செய்யும் சிகிச்சை ஒரே தடவையோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு கீழறை மட்டுமே சரிவர இயங்கும் இதயத்தோடு பிறந்து, க்ளென், ஃபான்டன் எனப் படிப்படியாக அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் குழந்தை, அந்தப் படிகளுக்கு முன்பு அழுத்தங்களை அளப்பதற்கும், பின்னர் குறுகிப்போன நுரையீரல் தமனியை விரிப்பதற்கும் எனப் பல தடவை கேத் லேப் எனும் அந்தச் சிகிச்சை அறைக்குள் வர நேரிடுகிறது. வளரும் திசுக்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுகின்றன; அதனால் வரக்கூடிய புற்றுநோய் தலைகாட்டுவதற்கு அந்தக் குழந்தையின் முன்னால் பல பத்தாண்டுகள் இருக்கின்றன; சின்னஞ்சிறு மார்பில் தைராய்டும் மார்பகத் திசுவும் கதிர்க்கற்றையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஒரு தடவையில் சேரும் அபாயம் சிறியதுதான், சிகிச்சையின் பயன் அதைவிடப் பன்மடங்கு பெரியதுதான். ஆயினும் தேவையில்லாமல் சேரும் பங்கை அனுமதிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தப் பங்கைக் குறைப்பதற்கு இன்று நான்கு வழிகள் போட்டியிடுகின்றன. இருக்கும் எக்ஸ்ரே கருவியின் அமைப்புகளையும் அதைக் கையாளும் பழக்கத்தையும் மாற்றுவது முதல் வழி. சுழல் ஆஞ்சியோகிராமும் முப்பரிமாண வழிகாட்டலும் இரண்டாவது. எக்ஸ்ரேயின் இடத்தில், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவை வைப்பது மூன்றாவது. சிகிச்சையை எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே செய்வது நான்காவது. என் கணிப்பில், கவர்ச்சி குறைந்த முதல் வழிதான் மிக அதிகமான குழந்தைகளுக்கு மிக அதிகமான பயனைத் தருகிறது. மற்ற மூன்றும் குறிப்பிட்ட சில சிகிச்சைகளில் அதை வெல்கின்றன.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஃப்ளோரோஸ்கோபி எனும் நேரடி எக்ஸ்ரே படம் எத்தனை நிமிடம் ஓடியது என்பதை மட்டும் வைத்து இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் வழக்கம் இன்னும் உள்ளது. ஒரே நிமிடக் கணக்கில், கருவியின் அமைப்பையும் நோயாளியின் உடல் பருமனையும் பொறுத்து, கதிரளவு பல மடங்கு வேறுபடலாம். தெளிவுக்காகக் கூடுதல் கதிரில் எடுத்துச் சேமிக்கும் சினி பதிவுகளின் பங்கு அந்த நிமிடக் கணக்கில் சேர்வதே இல்லை. கதிரளவையும் அது விழும் பரப்பையும் பெருக்கிவரும் அளவை நோயாளியின் எடையால் வகுத்துப் பார்ப்பதுதான், மூன்று கிலோ பச்சிளங்குழந்தையையும் எழுபது கிலோ இளைஞரையும் ஓரளவு நியாயமாக ஒப்பிட உதவுகிறது.

முதல் வழியில் இருப்பவை அநேகமாகச் செலவில்லாத மாற்றங்கள். ஃப்ளோரோஸ்கோபி தொடர்ச்சியாகப் பாயாமல் துடிப்புத் துடிப்பாக வருகிறது. நொடிக்கு 15 துடிப்பு என்பதை 7.5 ஆகக் குறைத்தால் கதிரளவு கணிசமாகக் குறையும். சரிபாதியாகக் குறையும் என்று சொல்ல முடியாததற்குக் காரணம், படம் மங்காதிருக்கப் பல கருவிகள் ஒவ்வொரு துடிப்பின் வலுவையும் சற்றுக் கூட்டிவிடுவதுதான். கேத்தடரை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நகர்த்துவதற்கு இந்த வேகம் தாராளமாகப் போதும். வேகமாகத் துடிக்கும் பச்சிளங்குழந்தையின் இதயத்தில் நுட்பமான ஓர் இடத்தில் ஸ்டென்ட்டை நிறுத்தும் சில நொடிகளுக்கு மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கருவி திறந்தவுடன் எந்த வேகத்தில் நிற்கிறதோ அதிலேயே பெரும்பாலான சிகிச்சைகள் முடிந்துவிடுகின்றன என்பதால், தொடக்க நிலையையே குறைந்த வேகத்தில் வைத்துவிடுவது நல்லது.

சினி பதிவு அடுத்தது. ஃப்ளோரோஸ்கோபியின் ஒரு படத்தோடு ஒப்பிட்டால் சினியின் ஒரு படத்துக்குச் சுமார் பத்து மடங்கு கதிர் செலவாகிறது. பலூன் விரிந்ததற்குச் சான்றாகவோ, ஓட்டையை மூடும் அடைப்பான் எங்கே அமர்ந்திருக்கிறது என்று காட்டவோ ஒரு படம் வேண்டுமென்றால், திரையில் ஏற்கெனவே ஓடிய ஃப்ளோரோவைச் சேமித்துக்கொண்டாலே போதும். சினியை அளவெடுப்பதற்கும் நுண்ணிய இரத்தக்குழாய்களைக் காண்பதற்கும் ஒதுக்கிவைக்கலாம்.

சிதறிய கதிர்களைத் தடுக்கும் கிரிட் எனும் வலைத்தட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய உடலில் கதிர் நிறையச் சிதறிப் படத்தைக் கெடுப்பதால் கிரிட் அவசியமாகிறது. குழந்தையின் சிறிய உடலில் சிதறல் குறைவு. அங்கே கிரிட் பயனுள்ள கதிரையும் சேர்த்து விழுங்கிவிட, அதை ஈடுகட்டக் கருவி தானாகவே கதிரைக் கூட்டுகிறது. சுமார் 20 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கிரிட்டைக் கழற்றிவிட்டால், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கதிர் மிச்சமாகும். படத்தில் ஏற்படும் இழப்பு சிறிது. இரண்டு நிமிட வேலை இது. பெரியவர்களையும் குழந்தைகளையும் ஒரே அறையில் பார்க்கும் இடங்களில் கிரிட்டைக் கழற்றுவது மறந்துபோகிறது என்பதும், அதற்குச் சிகிச்சை தொடங்குமுன் வாசிக்கப்படும் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பதும் என்னை இன்றும் உறுத்துகின்றன. கதிர்க்கற்றையைத் தேவையான பரப்புக்குச் சுருக்குவது, செம்பு வடிகட்டியால் பயனற்ற மென்கதிர்களைத் தடுப்பது, பக்கவாட்டுப் படத்தில் குழந்தையின் கைகளைக் கற்றைக்கு வெளியே வைப்பது, உருப்பெருக்கத்துக்குக் கதிரைக் கூட்டாமல் திரையில் மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பது ஆகியவையும் இதே வகை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. படம் மங்கினால் மருத்துவர் தடுமாறுவார், நேரம் நீளும், மிச்சம்பிடித்த கதிர் அந்த நீட்சியிலேயே கரைந்துபோகும். உடல் பருமனோடு கதிர்த் தேவையும் செங்குத்தாக ஏறுவதால், வளர்ந்துவிட்ட பிறவி இதய நோயாளிகளுக்குக் கிரிட்டைக் கழற்றும் சலுகையும் கிடையாது.

சுழல் ஆஞ்சியோகிராமில், இரத்தக்குழாயில் சாயம் செலுத்தப்படும்போது எக்ஸ்ரே கை சில நொடிகளில் நோயாளியைச் சுற்றி வந்து முப்பரிமாண உருவம் ஒன்றைத் தருகிறது. நுரையீரல் தமனி எந்தக் கோணத்தில் பிரிகிறது, ஸ்டென்ட் வைத்தால் பக்கத்திலுள்ள மூச்சுக்குழல் நசுங்குமா என்பன போன்ற கேள்விகளுக்குத் தட்டைப் படங்களைவிட இது தெளிவாக விடை சொல்கிறது. அந்த உருவத்தையே நேரடிப் படத்தின்மேல் படியவைத்து வழிகாட்டியாகவும் பயன்படுத்தலாம். பல கோணங்களில் எடுக்கவேண்டிய சினிகளுக்குப் பதிலாக இதைக் குறைந்த கதிர் அமைப்பில் செய்தால் லாபம். வழக்கமான சினிகளை எல்லாம் எடுத்துவிட்டு இதையும் செய்தால் சுமை கூடவே செய்யும். சாயம் கலையாதிருக்க மூச்சை நிறுத்திவைப்பதும், சில வேளைகளில் இதயத்தை வேகமாகத் துடிக்கச் செய்வதும் தேவைப்படுவதால், மயக்கவியல் குழுவின் ஒத்துழைப்பு இன்றி இது நடக்காது. முன்பே எடுத்துவைத்த எம்.ஆர்.ஐ. படத்தைப் படியவைப்பது இதைவிடச் சிக்கனமானது; வழிகாட்டலுக்காக மட்டுமே புதிதாக ஒரு சி.டி. எடுப்பது கதிரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் வேலை.

எக்கோவின் வலிமை தடுப்புச் சுவர்களிலும் வால்வுகளிலும் இருக்கிறது. பெருந்தமனிகள் இடம்மாறிப் பிறந்த குழந்தைக்கு மேலறைச் சுவரைப் பலூனால் கிழித்துத் திறக்கும் சிகிச்சையை, 1966-இல் அறிமுகமான ராஷ்கைண்ட் முறையை, இன்று தீவிர சிகிச்சைப் படுக்கையிலேயே எக்கோவை மட்டும் பார்த்துச் செய்ய முடிகிறது. மேலறைச் சுவர் ஓட்டையை அடைப்பதிலும், உணவுக்குழாய் வழி எக்கோவின் துணையோடு கதிரை மிகமிகக் குறைக்கலாம். குறைமாதக் குழந்தையின் மூடாத தமனி நாளத்தை (பிறந்தபின் தானே மூடவேண்டிய, பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் குழாயை) அடைக்கும்போது, அடைப்பான் பெருந்தமனியையோ இடது நுரையீரல் தமனியையோ மறைக்கவில்லை என்று உறுதிசெய்வது மார்பின்மேல் வைக்கும் எக்கோதான். 700 கிராம் எடையிலிருந்து பயன்படுத்தத்தக்க சிறிய அடைப்பானுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபின் இதன் முக்கியத்துவம் இன்னும் கூடியிருக்கிறது. நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் கிளைத் தமனிகளைக் காற்று மறைப்பதால் அங்கே எக்கோ உதவாது. கம்பியின் நுனி பார்வையிலிருந்து நழுவுவதும் அபாயம். ஆகையால் எக்ஸ்ரே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே தீர வேண்டும்.

எம்.ஆர்.ஐ. வழிகாட்டும் கேத்தடர் பரிசோதனையை லண்டன் குழு ஒன்று குழந்தைகளிலும் பெரியவர்களிலும் செய்து 2003-இல் வெளியிட்டது. இதன் உண்மையான சிறப்பு, கதிரைத் தவிர்ப்பதோடு அளவீட்டையும் மேம்படுத்துவதில் இருக்கிறது. கேத்தடர் அளக்கும் அழுத்தமும் எம்.ஆர்.ஐ. அளக்கும் இரத்த ஓட்டமும் ஒரே நேரத்தில் கிடைப்பதால், ஆக்சிஜன் பயன்பாட்டை ஊகித்துக்கொள்ளும் பழைய கணக்கைவிட நம்பகமாக நுரையீரல் இரத்தக்குழாய்த் தடையை, அதாவது அந்தக் குழாய்கள் இரத்த ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பை, கணிக்கலாம். ஃபான்டன் அறுவைக்கு முன் மருத்துவர்கள் முக்கியமாகத் தேடும் எண்களில் இது ஒன்று. ஆனால் வழக்கமான உலோகக் கம்பிகள் அலைவாங்கியைப் போல ஆற்றலை ஈர்த்துச் சூடாகக்கூடும் என்பதால், பெரும்பாலும் நுனியில் பலூன் உள்ள கேத்தடர்களையே நம்ப வேண்டியிருக்கிறது. ஸ்டென்ட் வைப்பது, வால்வை விரிப்பது போன்ற சிகிச்சைகள் இன்னும் பெருமளவில் எக்ஸ்ரே அறையிலேயே நடக்கின்றன. அவசரம் வந்தால் குழந்தையைக் காந்தத்திலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கு ஒத்திகை பார்த்த குழு தேவை.

குழுவினரின் பாதுகாப்பையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கிறேன். குழந்தைக்குக் கதிர் குறைந்தால், சிதறிக் குழுவினர்மேல் படும் கதிரும் குறைகிறது. சினி ஓடும்போது தூரத்தை இரட்டித்து நின்றால், படும் அளவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிறது. கண் வில்லைக்கான தொழில்முறை வரம்பை 2011-இல் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்புக் குழு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து, ஐந்தாண்டு சராசரியாக 20 மில்லிசீவர்ட்டுக்கு இறக்கியது. கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் திரையை முகத்துக்கு நேரே இழுத்துக்கொள்வது, கதிரைச் சிறிதளவே குறைத்த நாட்களிலும் கண்ணைக் காக்கிறது.

ஆகவே, மேலறைச் சுவர் ஓட்டையும் குறைமாதக் குழந்தையின் தமனி நாளமும் எக்கோவை முதன்மையாக வைத்து அணுகவேண்டியவை. திரும்பத் திரும்ப அழுத்தமும் ஓட்டமும் அளக்கவேண்டிய ஒற்றைக் கீழறைக் குழந்தைக்கு, வசதி இருக்கும் இடத்தில், எம்.ஆர்.ஐ.யே மேல். சிக்கலான நுரையீரல் தமனிகளுக்குச் சுழல் ஆஞ்சியோகிராம், சினிகளைக் கைவிடும் உறுதியோடு. இவை மூன்றும் இல்லாத ஓர் அறையில்கூடக் கிரிட்டைக் கழற்றலாம், துடிப்பைக் குறைக்கலாம், ஃப்ளோரோவைச் சேமிக்கலாம். எந்த வழியில் செய்தாலும், அன்று சேர்ந்த கதிரளவு வெளியேற்றக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். அடுத்த தடவை வேறொரு மருத்துவமனையில் அந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர், இதுவரை சேர்ந்தது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு தன் வழியைத் தேர்ந்தெடுக்க அந்த வரி உதவும். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளப் பெற்றோருக்கு முழு உரிமையும் உண்டு.