சுற்றுலா பஸ், டிராம், நடை, சைக்கிள்: வியன்னாவில் ஆபீஸ் முடிந்த பிறகு எது கைகொடுக்கும்?

வேலையாக வியன்னா போகிறவருக்கு ஊர் சுற்றக் கிடைப்பது மாலைதான். காலை ஒன்பதுக்கு மீட்டிங் தொடங்கினால் வெளியே வர ஐந்தரை ஆகிவிடும். அதில் ஒரு மாலையை எப்படியும் கம்பெனி விருந்து எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது இரண்டு மூன்று மாலைகள். திரும்பும் விமானம் ஞாயிறு இரவு என்றால் ஒரு முழுப் பகல் கூடுதலாகக் கிடைக்கும். பயணக் கையேடுகளோ காலையில் கிளம்பி நாள் முழுக்கச் சுற்றுகிறவரை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. அவற்றின் சிபாரிசுகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை.

ஆகவே இங்கே என் அளவுகோல் மூன்று. மாலை ஐந்தரைக்கு மேலும் அது ஓட வேண்டும். நாளெல்லாம் உட்கார்ந்து பேசிக் களைத்த உடம்புக்கு ஒத்துவர வேண்டும். வியன்னா ஏன் இப்படி இருக்கிறது என்று கொஞ்சமாவது புரியவைக்க வேண்டும். கடைசி அளவுகோலுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

தங்குமிடம் பெரும்பாலும் டான்யூபுக்கு அக்கரையில், கைசர்மியூலன் பக்கம் அமையும். சர்வதேச அணுசக்தி முகமை உள்ளிட்ட ஐ.நா. அலுவலகங்கள் 1979 முதல் அங்கேதான். பெரிய மாநாட்டு மையமும் அதன் ஒட்டில் இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். வியன்னாவுக்கு வந்துவிட்டோம் என்றே தோன்றாது. ஆனால் யூ-1 மெட்ரோவில் ஏறினால் பத்து நிமிடத்தில் புனித ஸ்டீபன் பேராலய வாசலில் இறங்கலாம். இனி ஒப்பிடும் நான்கு வழிகளுக்கும் இந்த மெட்ரோ பொது.

முதலில் பஸ்ஸையும் டிராமையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்போம். இஷ்டப்பட்ட இடத்தில் ஏறி இறங்கும் மாடி பஸ்ஸுக்குச் சில நியாயமான பலங்கள் உண்டு. மேல்தளத்திலிருந்து பார்வை தெளிவு. காதில் மாட்டினால் விளக்கம் வருகிறது. எங்கே மாறுவது, எந்தப் பிளாட்பாரம் என்ற கவலை கிடையாது. வயதான அப்பா அம்மாவை உடன் அழைத்துப்போய் பகலில் சுற்றிக்காட்டுகிறீர்கள் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அது பகல் வியாபாரம். நாம் ஓட்டலுக்குப் போய் பையை வைத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் கடைசி வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். ஓடும் நேரத்திலும் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நிறையக் காத்திருக்க வேண்டும். கட்டணமோ நகரப் போக்குவரத்தின் 24 மணி நேர டிக்கெட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

அந்த 24 மணி நேர டிக்கெட் வேலைப் பயணிக்கென்றே செய்தது போல இருக்கிறது. முத்திரை குத்திய நிமிடத்திலிருந்துதான் கணக்கு. மாலை ஐந்தே முக்காலுக்குக் குத்தினால் அன்றைய சுற்றல், மறுநாள் காலை ஆபீஸ், மாலை திரும்புவது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மெட்ரோ, டிராம், பஸ் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். ஸ்டேஷனில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது. அதனால் காகித டிக்கெட்டை முத்திரைப் பெட்டியில் காட்ட மறந்துவிடுவது எளிது. முத்திரை இல்லாத டிக்கெட் செல்லாது. பரிசோதகர் வந்தால் அபராதம் கட்டத்தான் வேண்டும்.

இனி டிராமில் ஏறிப் பார்ப்போம். நகரின் பழைய மையத்தைச் சுற்றி ரிங் என்ற அகன்ற சாலை ஓடுகிறது. அங்கே முன்பு கோட்டைச் சுவர் இருந்தது. அதை இடிக்கச் சொல்லிப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் 1857-இல் உத்தரவிட்டார். 1865-இல் சாலை திறக்கப்பட்டது. சுவரும் அதன் முன்னால் இருந்த வெட்டவெளியும் போனதால் நகரத்தின் நட்டநடுவில் அவ்வளவு பெரிய காலி மனை கிடைத்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதை நிரப்பினார்கள்: 1869-இல் ஆபரா (இசை நாடக அரங்கு), 1883-இல் நாடாளுமன்றமும் நகர மன்றமும், 1884-இல் பல்கலைக்கழகம், 1888-இல் பூர்க் நாடக அரங்கு, 1891-இல் கலை வரலாற்று அருங்காட்சியகம். நாடாளுமன்றம் கிரேக்கக் கோயில் போல் தூண்களோடு நிற்கும். பக்கத்திலேயே நகர மன்றம் கூர்கோபுரங்களோடு கோதிக் பாணியில் எழும். பல்கலைக்கழகம் இத்தாலிய மறுமலர்ச்சி மாளிகையின் சாயலில் இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. இதை ஒரே இருக்கையில் உட்கார்ந்து வரிசையாகப் பார்க்கும்போதுதான் ஒரு பேரரசு தன் முகத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டது புரியும்.

2008 வரை 1, 2 எண் டிராம்கள் ரிங்கை முழுவட்டமாகச் சுற்றின. இப்போது எந்த வண்டியும் முழுவட்டம் போவதில்லை. ஒரு முறை மாற வேண்டும். யூ-1 மெட்ரோவில் ஷ்வேடன்பிளாட்ஸ் இறங்கி, ஆபரா பக்கம் போகும் 1-இல் ஏறுங்கள். வலது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பல்கலைக்கழகம், நகர மன்றம், நாடாளுமன்றம், இரட்டை அருங்காட்சியகங்கள் எல்லாம் வலது கைப்பக்கமே வரும். ஆபராவில் இறங்கி, திரும்பவும் ஷ்வேடன்பிளாட்ஸ் வழியாகப் போகும் 2-ஐப் பிடித்தால் வட்டம் முடிந்துவிடும். அதிலும் வலது பக்கம்தான் நல்லது. ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் உயர எழும் நீரூற்று தெரியும். ஆல்ப்ஸ் மலை ஊற்று நீரைக் குழாய் வழியே ஊருக்குள் கொண்டுவந்த 1873-ஆம் ஆண்டின் நினைவாக வைத்தது அது. இன்றும் வியன்னாவில் குழாயைத் திறந்தால் வருவது மலைத் தண்ணீர்தான். தெருவோரக் குடிநீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை.

பஸ்ஸில் கிடைக்காத இன்னொன்று டிராமில் உண்டு. உங்களோடு உட்கார்ந்திருப்பது ஊர்க்காரர்கள். செல்லோப் பெட்டியை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு ஒரு மாணவி, வாய்க்கூடு மாட்டிய நாயோடு ஒரு பாட்டி (வண்டியில் நாய்க்கு வாய்க்கூடு கட்டாயம்), காய்கறிப் பையோடு வேலையிலிருந்து திரும்புகிறவர். புதிய வண்டிகளின் தரை மிகத் தாழ்வு. அதிலும் வியன்னாவுக்கென்றே வடிவமைத்த வகை ஒன்றில் ஏறும் உயரம் 20 செ.மீ.கூட வராது. பகலெல்லாம் நின்று விளக்கிய காலுக்கு அது பெரிய ஆறுதல். இந்தச் சுற்றில் பஸ்ஸை விட டிராம் எல்லா வகையிலும் மேல். விளக்கக் குரல் ஒன்றுதான் குறை. காலையில் கால் மணி நேரம் வாசித்துவிட்டுப் போனால் அதுவும் சரியாகிவிடும்.

டிராமுக்கும் எட்டாத இடம் பழைய நகரம். ரிங்குக்குள்ளே டிராம் நுழைவதில்லை. அங்கே நடையோடு போட்டி போட எதுவுமில்லை. குறுக்கே நடந்தால் அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய பரப்பு. முற்றங்களை ஊடுருவிப் போகும் சந்துகளை எந்த வண்டியும் காட்டாது.

பேராலயத்தின் முன்வாசலில் நின்று இடது பக்கச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு இரும்புச் சட்டங்கள் கல்லில் பதித்திருக்கும். ஒன்றைவிட மற்றது சற்று நீளம். துணி வியாபாரிகளின் முழக்கோல்கள் அவை: ஒன்று லினனுக்கு, மற்றது கம்பளித் துணிக்கு. சந்தையில் ஏமாற்றிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் யாரும் துணியை இங்கே கொண்டுவந்து அளந்துபார்க்கலாம். நம்மூர்க் கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலை வெட்டி வைத்த அதே ஏற்பாடு. நேர்மைக்குச் சாட்சியாக இரு ஊர்க்காரர்களும் கோயில் சுவரைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதே வாசலின் வலது பக்கம் ‘ஓ5’ என்ற குறி இருக்கும். நாஜி ஆட்சியை எதிர்த்த ஆஸ்திரியர்களின் ரகசிய அடையாளம். இரண்டுக்கும் நடுவே சில அடிகள்தான், நூற்றாண்டுகளைக் கடந்துவிடுகிறோம்.

இன்னும் சில அடி நடந்தால் கிராபன் வீதி முனையில் கண்ணாடிக்குள் ஒரு அடிமரம். உடல் முழுக்க ஆணி. மரமே தெரியாத அளவுக்கு அடித்திருக்கிறார்கள். கிராபன் நடுவில் 1679-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் எழுப்பிய தூண். அங்கிருந்து கோல்மார்க்ட் வழியாக மிகாயெலர் சதுக்கம் போனால், அரண்மனை வாசலுக்கு எதிரிலேயே ரோமானியர் காலச் சுவர்கள் குழிக்குள் திறந்து கிடக்கும்.

மாலைக்காரருக்கு இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 343 படி ஏறலாம். ஆனால் மாலை ஐந்தரையோடு அடைத்துவிடுவார்கள். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை வேலை. பேராலயத்தின் உள்ளே இரவு பத்து வரை போகலாம். கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தூண்களுக்கு நடுவே நிற்பதைக் கோபுரத்தைவிட மேலாகவே நினைக்கிறேன்.

சைக்கிளுக்கு வருவோம். நகரப் போக்குவரத்து நிறுவனமே நடத்தும் வாடகைச் சைக்கிள்கள் 2022 முதல் இருக்கின்றன. செயலியில் பதிந்து, ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விட்டுவிடலாம். ரிங் ஓரமாகத் தனிப் பாதையும் உண்டு. இருந்தாலும் பழைய நகரத்துக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கல்பாவிய தெருக்கள், நடப்பவர்களுக்கு மட்டுமான வீதிகள், சக்கரம் மாட்டிக்கொள்ளும் டிராம் தண்டவாளங்கள். இடதுபுறம் போய்ப் பழகிய நமக்கு வளைவுகளில் முதலில் தப்பான பக்கம்தான் கண் போகும். ஊர்க்காரர்களோ வேகமாக வருகிறார்கள். பாதையில் தயங்கி நின்றால் மணி அடிப்பார்கள்.

ஆனால் டான்யூப் தீவில் கதை வேறு. 21 கி.மீ. நீளம், சில நூறு மீட்டர் அகலம்கூட வராத இந்தத் தீவு இயற்கையானதல்ல. வெள்ளத்திலிருந்து ஊரைக் காக்க 1972-இல் ஆற்றுக்கு இணையாக ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள்; வெட்டிய மண்ணைக் குவித்ததில் பிறந்தது தீவு. பணி முடிய 1988 ஆயிற்று. இன்று ஊரே அங்கே குளிக்கிறது, ஓடுகிறது, புல்லில் படுத்துக் கிடக்கிறது. கைசர்மியூலன் ஓட்டலிலிருந்து யூ-1-இல் ஒரே ஸ்டேஷன். இந்த மெட்ரோவும் சைக்கிள் பாதையும் ரைஷ் பாலத்தின் சாலைத் தளத்துக்குக் கீழே ஓடுகின்றன. 1976 ஆகஸ்ட் 1 அன்று பழைய பாலம் அதிகாலையில் இடிந்து ஆற்றில் விழுந்தது; இப்போதுள்ளது 1980-இல் திறந்தது. ஜூன் மாதம் சூரியன் மறைய ஏறக்குறைய ஒன்பது மணி ஆகும். ஐந்தரைக்கு வெளியே வந்தவருக்கு முழுதாக மூன்று மணி நேர வெளிச்சம். அந்த மாதிரி மாலையில் நடையும் டிராமும் சைக்கிளுக்கு ஈடில்லை.

டிசம்பரில் கணக்கு தலைகீழாகும். நான்கு மணிக்கே இருட்டிவிடும். தீவில் காற்று ஊசியாகக் குத்தும். டிராமுக்குள் விளக்கு எரிவதால் ஜன்னலில் உங்கள் முகம்தான் பெரிதாகத் தெரியும். அப்போது நடைக்கே என் வாக்கு. நகர மன்றத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் சந்தை, விளக்கேற்றிய வீதிகள், இடையிடையே காபி நிலையத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒரு கோப்பைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பமாட்டார்கள். வியாழக்கிழமை மாலை காலியாக இருந்தால் கலை வரலாற்று அருங்காட்சியகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். மூத்த புரூகலின் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக இருப்பது இங்கேதான். பனியில் நாய்களோடு திரும்பும் வேட்டைக்காரர்களை 1565-இல் தீட்டியிருக்கிறார். குளிரிலிருந்து உள்ளே வந்து அதன் முன் நின்றால் அந்தக் கால்களின் அலுப்பு நமக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு யோசனை வேண்டும். கடைகள் அடைத்திருக்கும்; நாஷ்மார்க்ட் சந்தையும் கிடையாது. வாங்க வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சூப்பர் மார்க்கெட்தான் வழி. அன்று சுற்றுலா பஸ்ஸுக்கு முழுப்பகலும் இருக்கிறது, அதனால் போட்டி சமமாகிறது. இருந்தாலும் நான் டிராமையும் நடையையும் சேர்த்தே எடுப்பேன். ரிங்கிலிருந்து ‘டி’ எழுத்து டிராமில் ஏறி வடக்கே நுஸ்டோர்ஃப் பக்கம் போங்கள். வழியில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பு வரும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டுகொண்டே போகும் ஒரே கட்டடம். தொழிலாளர்களுக்காக 1927-க்கும் 1930-க்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு நகராட்சி கட்டியது. 1934 பிப்ரவரி உள்நாட்டுச் சண்டையில் அரசுப் படை இதன்மேல் பீரங்கியால் சுட்டது. ரிங்கில் பேரரசர் எழுப்பியதையும் இங்கே நகராட்சி எழுப்பியதையும் ஒரே டிராம் பாதையில் பார்த்துவிடலாம்.

அங்கே எதிரிலுள்ள ஹைலிகன்ஷ்டாட் ஸ்டேஷனிலிருந்து 38-ஏ பஸ் காலன்பெர்க் குன்றுக்கு ஏறுகிறது. உயரம் 484 மீட்டர். 1683 செப்டம்பர் 12 அன்று போலந்து மன்னர் சோபியஸ்கியின் படைகள் வியன்னாவைச் சூழ்ந்திருந்த ஒட்டோமான் துருக்கியரின் முற்றுகையை உடைக்க இந்தச் சரிவுகளில்தான் இறங்கின. நீங்களும் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே இறங்குங்கள். அடையாளப் பலகைகள் உள்ள பாதை திராட்சைத் தோட்டங்கள் வழியாக நுஸ்டோர்ஃபில் டிராம் கடைசி நிறுத்தத்தில் கொண்டுவந்து விடும். வாசலில் பசுங்கிளை தொங்கும் வீடுகளில் அந்தந்தத் தோட்டத்து ஒயினும், ரொட்டியும் பாலாடைக்கட்டிப் பூச்சும் கிடைக்கும். சைவக்காரருக்கும் பசியாற வழி உண்டு. விமானம் இரவு என்றால் நான்கு மணிக்கு ‘டி’ டிராமைப் பிடித்துவிடுங்கள். அதே வண்டி வியன்னா மத்திய ரயில் நிலையத்துக்கும் போகிறது; அங்கிருந்து விமான நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு.